காணாமல் போகாத சைக்கிள்

ஈப்போ பேருந்து நிலையத்தில் என்னை அழைத்துப் போக யாரும் வந்திருக்கவில்லை. ஒரு கையில் ரெக்சின் பை, அதற்குள் திருபுவனத்தில் எடுத்த கூறைப்புடவை. இன்னொரு கையில் முறுக்கு டின். அக்கா மகள் மாலதியின் கல்யாணத்துக்குக் கடல் தாண்டி வந்திருக்கிற தாய்மாமன் நான். மாலை மரியாதை எல்லாம் வேண்டாம், ஒரு ஆள் வந்து நிற்கக் கூடாதா? நிலையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது.

பட்டுக்கோட்டைப் பக்கம் பஸ் கம்பெனியில் நான் செக்கிங் இன்ஸ்பெக்டர். பயணியாக பஸ்ஸில் உட்காருவது எனக்குத் தண்டனை. கோலாலம்பூரிலிருந்து வருகிற வழியிலேயே என்னை அறியாமல் இரண்டு முறை எழுந்து, வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு பின்சீட்டு வரை போய்விட்டேன். மலாய்க்காரக் கண்டக்டர், வயிறு சரியில்லையா என்று சைகையில் கேட்டான். அதன் பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுங்கை சிப்புட்டுக்கு வாடகைக் கார். நம்மூர் போல அல்ல, நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஓட்டுநர் ஒரு சீனக் கிழவர். "கொஞ்சம் பொறு லா தம்பி, இன்னும் ஒரு ஆளு வரட்டும், காடி பொறப்படும்" என்று நல்ல தமிழில் சொன்னதும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குழாய் போட்டு உறிஞ்சுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சூட்டில் பை கையைச் சுட, அதைக் கை மாற்றி மாற்றிப் பிடித்ததில் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். நாலாவது ஆளாகக் கோழிக்கூடையோடு ஒரு மலாய் அம்மாள் வந்து ஏறினாள். பாதி வழியில் கார் புகைந்து நின்றது. கிழவர் பதறாமல் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினார். பதறியது நான் மட்டும்தான்.

சாலையின் ஒரு பக்கம் சுண்ணாம்பு மலைகள், மறுபக்கம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த வெற்று நிலம். அக்கா வாழ்க்கைப்பட்டு வந்தது அப்படியொரு தோட்டத்துக்குத்தான். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பங்கள் வெளியேறி, டவுனுக்கு வெளியே வரிசை வீடுகளில் குடியேறியிருந்தன. அத்தான் இப்போது லாரி ஓட்டுகிறார். மாலதி தொழிற்சாலைக்குப் போகிறாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது அக்கா என்னைப் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "வந்துட்டியா தம்பி, பசியாறிட்டியா, இரு, ரொட்டி வாங்கியாரச் சொல்றேன், இல்ல வேணாம், நானே சுடுறேன், அண்டா எங்க, அந்த அண்டாவ எடு" என்று ஒரே மூச்சில் பேசிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் அத்தனை பாத்திரமும் தரையில் கிடந்தது. மூன்று குண்டான்களில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"கல்யாண வேல" என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற மாதிரி இருந்தது அது. மாலதி ஊறிய அரிசியை வடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அத்தானோடு லாரியில் சிம்பாங் பூலாய் போனேன். அங்கே மலையை உடைத்துக் கல் ஏற்றுகிறார்கள். லாரி கல் ஏற்றக் காத்திருந்த நேரத்தில் சாலையோரக் கடையில் ரொட்டி சனாய் தின்றோம். நம்ம பரோட்டாவின் பங்காளி. ஆனால் குருமா கேட்டால் பருப்புக்குழம்பு ஊற்றுகிறார்கள். அதையும் குறை சொல்லிக்கொண்டே மூன்று தின்றேன். பிறகு கேட்டேன், அக்கா தூங்கி எத்தனை நாளாகிறது என்று.

அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மாலதி பொறந்த பொறகு ஒரு தடவ இப்படி ஆச்சு மச்சான். அப்ப தோட்டத்துல இருந்தோம். ஆஸ்பத்திரி வேன் வந்து ஏத்திட்டுப் போச்சு. நல்லாயிட்டுத்தான் வந்தா. ஆனா லயத்து வீடு மொத்தமும் வேன பாத்துருச்சு லா. அதுக்கப்புறம் திருவிழால ஒருத்தரும் அவ கையில வெளக்குத் தட்டு குடுக்கல. பல வருசம்."

"அதனால?"

"அதனால என்ன. கல்யாணம் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன். மாப்பிள்ள வீடு பீடோரு. அவரோட சொந்த அத்த, கண்ணம்மா, நமக்குப் பக்கத்து வீடு. இந்தச் சம்பந்தத்தக் கொண்டாந்ததே அதுதான். வேன் வாசல்ல வந்து நின்னா அன்னைக்கே கல்யாணம் நிக்கும்."

இரண்டு வாரம் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னேன். அவர் எழுந்து லாரிச் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். திரும்பும் வழியில் ஒரு சக்கரம் பஞ்சரானது, மழை பிடித்தது, இருவரும் நனைந்துகொண்டே ஜாக்கி ஏற்றினோம்.

மூன்றாம் நாள் காலை எழுந்தபோது என் ரெக்சின் பை திறந்து கிடந்தது. கூறைப்புடவை இல்லை. அக்காவும் இல்லை. மாலதி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். நானும் அத்தானும் வரிசை வீடுகளின் பின்பக்கம் ஓடினோம்.

அங்கே ஒரு ஈயக்குட்டை. ஈயம் தோண்டி முடித்துவிட்டு விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரி மாதிரி ஆகியிருந்தது. கரையெல்லாம் வெள்ளை மணல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா முழங்கால் ஆழத்தில் நின்று அந்தப் பட்டுப்புடவையை அலசிக்கொண்டிருந்தாள். அலசினாள், தூக்கிப் பார்த்தாள், மறுபடி அலசினாள். முதலில் எனக்குப் பகீரென்றது புடவைக்காகத்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அக்கா" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். இடுப்புவரை மூழ்கியது. அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மச்சான், மணலு சரியும். ஒரு அடி போனா ஆழம் தெரியாது" என்றார்.

என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் டெலிபோன் செய்ய ஓடினார். நான் நிற்கவில்லை. அக்காவை அவள் பார்வையில் படாமல் கவனிக்கச் சொல்லி, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். சீனர் மளிகைக் கடையில் அத்தான் போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். மலாயில் பேசினாலும் இரண்டு சொல் எனக்குப் புரிந்தது. போலீஸ். சைக்கிள். போலீசுக்குப் போன் போட்டு, சைக்கிள் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. பொண்டாட்டி குட்டையில் நிற்கிறாள், இந்த மனிதனுக்குச் சைக்கிளா? அதுவும் எந்தச் சைக்கிள்? அவரிடம் இருந்ததே ஒன்று, அது குளியலறைச் சுவரில் சாய்ந்து நிற்பதைச் சற்று முன்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கேட்டால், "பேசாம இருங்க மச்சான்" என்றார். கடைக்காரர் பணம் வாங்கவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு தராசைத் துடைத்தார்.

போலீஸ் ஜீப் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. ஒரு மலாய் சார்ஜன் இறங்கினார். அவரோடு, கைப்பையும் குடையுமாக, சாதாரணப் பூப்போட்ட புடவையில் ஒரு தமிழ் அம்மாள். சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்து வந்தவள் மாதிரி இருந்தாள். அதற்குள் வரிசையில் இருந்த எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் கண்ணம்மா.

"நான் பாத்தேன் சார்ஜன். செவப்புச் சட்ட போட்டவன். சைக்கிள உருட்டிக்கிட்டு அந்தப் பக்கமாப் போனான்" என்றாள் கண்ணம்மா. இன்னொருவர், இல்லை, நீலச் சட்டை என்றார். சார்ஜன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் போனான் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லோரும் குட்டைப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இருபது வருஷமாகப் பொய் சொல்கிறவர்களைப் பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டே பழகிய வாய். "எந்தச் சைக்கிளும் காணாமல் போகவில்லை" என்று கத்தினேன். "சைக்கிள் அங்கே பின்னாடி நிற்கிறது. என் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. குட்டையில் நிற்கிறாள். அவளைக் காப்பாற்றுங்கள்."

கண்ணம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அத்தான் குட்டைப் பக்கம் திரும்பி நடந்தார்.

குட்டைக்கு நடக்கும்போது சார்ஜன் என் தோளில் கை போட்டார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவராம், தமிழ் அப்படிப் பேசினார். "அண்ணே, நெசமா சைக்கிள் போனா இங்க ஆளு நேரா ஸ்டேஷனுக்கு வந்து கத்துவான். போன்ல மெதுவா சைக்கிள்னு சொன்னா, சைக்கிள் இல்ல. நானும் மொதல்ல அப்படி ஒரு தடவ சைக்கிளத் தேடிக்கிட்டுப் போனேன். அங்க ஒருத்தன் கெணத்து மேட்டுல, குதிக்குறதா இல்லையான்னு உக்காந்திருந்தான். அதுலேருந்து சைக்கிள் போச்சுன்னு போன் வந்தா மிஸியக் கூட்டிக்கிட்டுத்தான் வாரது."

மிஸி என்றால் நர்ஸ். குடையோடு வந்த அம்மாள்தான் அது, மனநல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிலோமினா. வாரத்தில் ஒரு நாள் டவுன் கிளினிக்குக்கு வருவாள், அன்று அந்த நாளாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆஸ்பத்திரி வேனில் வந்தால் ஊர் பார்க்கும். போலீஸ் ஜீப்பில் வந்தால் சண்டை, சாராயம், திருட்டு என்று ஏதாவது ஒன்று, நாலு நாளில் மறந்துவிடும். அந்த வரிசையில் அத்தனை பேருக்கும் உள் விஷயம் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொல்லாதவரை எவருக்கும் தெரியாது. அதைத்தான் நான் போட்டு உடைத்திருந்தேன். பொய்யைப் பிடித்துவிட்ட கெட்டிக்காரத்தனம் எனக்கு அப்போதும் முழுதாக இறங்கவில்லை.

சார்ஜன் தொப்பியையும் இடுப்பு பெல்ட்டையும் கழற்றி ஜீப் டிரைவரிடம் கொடுத்துவிட்டு மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். என்னையும் அத்தானையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஓடுனா ஓடுவாங்க. உக்காருங்க" என்றார். உட்கார்ந்திருந்த அந்த நேரம் போல ஒரு வேதனை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலை நீட்டினேன், மடக்கினேன், மணலை அள்ளி அள்ளிக் கொட்டினேன்.

பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் ஆழத்தில் போய் நின்றாள். பேசாமல் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்தாள். "யாரு நீ?"

"நான் மிஸி அக்கா. பிலோமினா. போலீசு கூட வந்திருக்கேன்." அவள் ஒளிக்கவில்லை, அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "பொடவ நல்லா இருக்கு. பட்டா?"

"அழுக்குப் போவ மாட்டேங்குது. எம் மக கட்டப்போறது. எல்லாரும் பாப்பாங்க. போவ மாட்டேங்குது பாரு."

"இந்தத் தண்ணியில போவாது அக்கா. நீங்க எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? கையெல்லாம் வெளுத்துப் போச்சு."

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அலசத் தொடங்கினாள். பிலோமினா இன்னும் இரண்டு முறை ஏதோ சொல்லிப் பார்த்தாள். அக்காவின் காதில் ஏறவில்லை. ஒரு தடவை பிலோமினா திரும்பி சார்ஜனைப் பார்த்தபோது அவளுக்கும் பயமாக இருப்பது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்கு அது தோன்றியது. "சரி, அலசுனது போதும், பிழிவோம். ஒத்த ஆளு பிழிய முடியாது. ஒரு தலப்ப இப்படிப் போடுங்க, நான் புடிச்சுக்குறேன்."

ஈரப் பட்டு கனக்கும். எந்தப் பெண்ணும் தனியாகப் பிழிய மாட்டாள். அக்கா யோசிக்காமல் தலைப்பை வீசினாள். அவள் ஒரு முனையில், பிலோமினா மறுமுனையில். முறுக்கினார்கள். முறுக்க முறுக்கப் புடவை குறுகியது. பிலோமினா கரைப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினாள், அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னும் முறுக்கினார்கள். ஒரு தடவை அக்காவின் காலடியில் மணல் சரிந்தது. அத்தான் எழுந்துவிட்டார். பிலோமினா முனையை விடவில்லை. அக்காவும் விடவில்லை, புடவை தண்ணீரில் விழக் கூடாதே என்று. கடைசியில் முறுக்கிய புடவை கைத்தடி நீளத்துக்கு வந்தபோது இருவரும் காய்ந்த மணலில் நின்றார்கள். நான் வாய்விட்டு அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

"என்னைய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஆஸ்பத்திரிக்கு அக்கா. தூங்கணும் நீங்க."

"கல்யாணத்துக்கு வந்துருவேனா?"

"தெரியல அக்கா. டாக்டர் பாக்கட்டும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா தானே நடந்துபோய் ஜீப்பில் ஏறினாள். ஈரச் சேலையின் மேல் சார்ஜன் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டார். சாத்திய கதவுகளுக்கு நடுவில் ஜீப் போயிற்று. மாலையில் வேலை முடிந்து வந்த மாலதியிடம் அத்தான்தான் சொன்னார். என்னிடம், "கல்யாணம் போச்சு மச்சான்" என்றதோடு சரி.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா ஏழாம் வார்டில் நல்ல தூக்கத்தில் இருந்தாள். சில வாரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கண்ணம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. காலை பஸ்ஸிலேயே பீடோருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாலதி நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைக் கழற்றித் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அவர்கள் கேட்ட பிறகு கொடுப்பதைவிடக் கேட்குமுன் கொடுத்துவிடலாம் என்றாள். அந்தப் பெண் அழாமல் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது.

மறுநாளே மோதிரத்தை அத்தானிடம் வாங்கிக்கொண்டு பீடோருக்குப் போனேன். ஈப்போவில் பஸ் மாற வேண்டும். தப்பான பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, வெயிலில் நின்று இன்னொன்று பிடித்தேன். பஸ் பரிசோதகன் பஸ் மாறி ஏறினான் என்று ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும். வழியில் ஒரு கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி, ருசி தெரியாமல் விழுங்கினேன். மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சைக்கிள் கதையை நானே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். செவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்பதில் மாட்டிக்கொள்வேன் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை வீடு கொய்யாத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, மாப்பிள்ளை குணசேகரன், சுவரோரமாகக் கண்ணம்மா. கண்ணம்மா என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தாள். உப்பு தூவிய கொய்யாத் துண்டும் கோப்பியும் வைத்தார்கள். நான் எதையும் தொடவில்லை. உட்காராமலே சொன்னேன்.

"என் அக்கா மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முன்னும் ஒரு தடவை இருந்திருக்கிறாள். மாலதிமேல் எந்தக் குறையும் இல்லை. மோதிரம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தெரிந்து வாங்கிக்கொள்ளுங்கள்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். மரியாதையான மனிதர். "உக்காருங்க. உங்க மேல கோவம் இல்ல. ஆனா யோசிக்கணும் லா. நாளைக்குப் பேரப்புள்ளைங்க வரும். எங்க குடும்பத்துல இப்படி யாருக்கும் இருந்ததில்ல, அதான் பயமா இருக்கு." கண்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறை வாசலில் மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றதை நான் அப்போதுதான் கவனித்தேன். கையெல்லாம் மாவு.

"எந்த வார்டு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏழு" என்றேன்.

"சன்னலோரக் கட்டில் கேளுங்க. கெழக்குப் பக்கம். காலையில வெயில் மூஞ்சியில விழும், எழுந்திரிக்கணும்போல இருக்கும். நடுக்கட்டில்ல படுத்தா பகல் எது, ராத்திரி எதுன்னு தெரியாது."

அப்பா அவளைப் பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. குணசேகரன் எழுந்து நின்றான். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான்.

அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஒனக்கு அப்ப பல்லு விழுகுற வயசு. அம்மா ஊருக்குப் போயிருக்கு, கப்பல்ல வரும்னு சொன்னாங்கல்ல."